பஞ்சு விலையா, பொறுப்பில் இருப்பவரா?

கேள்வி: எங்கள் குடும்ப நிறுவனத்தின் கீழ் நூற்பாலை, கல்யாண மண்டபம், லாரி போக்குவரத்து மூன்றும் நடக்கின்றன. அண்ணன் பொறுப்பேற்றபின் மொத்த லாபம் குறைந்துவருகிறது. சந்தை சரியில்லை என்கிறார் அவர். நிர்வாகம் சரியில்லை என்கிறார்கள் மற்ற பங்குதாரர்கள். உண்மையை எப்படிக் கண்டறிவது?

பதில்: மொத்த லாபத்தை மட்டும் வைத்து இதற்கு விடை காண முடியாது. ஒரே புறச்சூழல் ஒவ்வொரு தொழிலையும் வெவ்வேறு விதமாகப் பாதிக்கும். சிகரெட், ஹோட்டல், உணவுப் பொருள் என்று பல தொழில்களை ஒரே குடையின் கீழ் நடத்திவந்த பெருநிறுவனம் ஐ.டி.சி. கொரோனா முடக்கத்தால் 2020-21இல் அதன் ஹோட்டல் வருவாய் முந்தைய ஆண்டின் பாதிக்கும் கீழே போயிற்று. அதே ஆண்டில் அந்நிறுவனத்தின் ஆசீர்வாத் மாவுக்கும் சன்ஃபீஸ்ட் பிஸ்கட்டுக்கும் கிராக்கி கூடியது. அந்த ஓராண்டை வைத்து ஹோட்டல் பிரிவைப் பழிப்பதும் மாவுப் பிரிவைப் புகழ்வதும் ஒருசேரத் தவறு. ஆனால் சிகரெட்டில் வந்த பணத்தைக் கொண்டு 2001இல் உணவுப் பொருள் தொழிலில் இறங்கியது, அப்போதைய தலைவர் ஒய்.சி. தேவேஷ்வரின் தலைமை எடுத்த முடிவு. ஹோட்டல்களில் பெரும் முதலீட்டைத் தொடர்ந்து போட்டதும் தலைமையின் முடிவுதான். போட்ட பணத்துக்கு ஏற்ற வருமானம் இல்லை என்ற மனக்குறை நெடுநாள் நீடித்து, 2025 ஜனவரியில்தான் ஹோட்டல் பிரிவு தனி நிறுவனமாகப் பிரிந்தது.

உங்கள் நூற்பாலைக்கு வருவோம். 2022 மே மாதத்தில் பஞ்சு விலை கண்டிக்கு (சுமார் 356 கிலோ) ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியது. முந்தைய ஆண்டு விலையைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு. அந்த விலை எல்லா மில்லுக்கும் பொதுவானது. உச்ச விலையில் கிடங்கை நிரப்பினோமா, கைக்கும் வாய்க்குமாக வாங்கி ஓட்டினோமா என்பது பொதுவானதன்று. சில மாதங்களில் விலை இறங்கியபோது, கைக்கும் வாய்க்குமாக வாங்கியவர் தப்பித்தார். ஆகவே, ஒரே நம்பர் (அதாவது ஒரே தடிமன்) நூலில் கிலோவுக்குப் பஞ்சுச் செலவு போக நின்ற தொகையை, அக்கம்பக்கத்து மில்களின் தொகையோடு மாதவாரியாக ஒப்பிடுங்கள். பங்குச்சந்தையில் உள்ள மில்களின் காலாண்டுக் கணக்குகளும் உதவும். எல்லாருக்கும் குறைந்திருந்தால் அண்ணன் சொல்வது சரி. உங்களுக்கு மட்டும் குறைந்திருந்தால் கொள்முதல் பதிவேட்டைத் திறந்து பாருங்கள். லாரிக்கும் இதே முறைதான். டீசல் விலை ஊருக்கெல்லாம் ஒன்று, வெறும் வண்டியாகத் திரும்பி வந்த நடைகள் உங்களுடையவை.

என் அனுபவத்தில் குடும்ப நிறுவனங்கள் பெரும்பாலும் சறுக்குவது வேறோர் இடத்தில். மில்லின் பஞ்சுக் கொள்முதலுக்காக வங்கி தந்த கேஷ் கிரெடிட்டை (அன்றாடத் தொழில் செலவுக்கான கடனை) எடுத்து மண்டபத்துக்கு ஏ.சி. போட்டிருப்பார்கள், வட்டி மில் கணக்கில் ஏறும், வாடகை மண்டபக் கணக்கில் சேரும், மில் நட்டம் என்று பெயராகும். சந்தை எவ்வளவு நன்றாக இருந்தாலும் இது தலைமையின் பிழையே. எனவே ஆடிட்டரிடம் மூன்று தொழிலுக்கும் தனித்தனி லாப நட்டக் கணக்கையும், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போன பணத்தைத் தேதியோடு காட்டும் ஒரு தாளையும் கேளுங்கள். பங்குதாரர் கூட்டத்தில் முதலில் அந்தத் தாளை எடுத்து வையுங்கள். அண்ணனைப் பற்றிய பேச்சு அதன்பிறகு இருக்கட்டும்.