நல்ல ஹெட்போன் இருந்தும் பழைய தமிழ்ப் பாடல்கள் மங்கலாகக் கேட்பது ஏன்?

பிரிக்பீல்ட்ஸ் கடையில் வாங்கிய ஹெட்போன், இசைச் செயலிக்குக் கட்டணச் சந்தா இரண்டும் இருந்தும் சில பாடல்கள் மட்டும் தெளிவில்லை என்கிறீர்கள். ஹெட்போனை மாற்ற வேண்டாம். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்!

குறுந்தகட்டில் ஒரு நொடி இசைக்கு 1,411 கிலோபிட் தரவு உண்டு. அதைச் சுருக்கிய 128 கிலோபிட் எம்பி3 கோப்பு அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. காது கவனிக்காது என்று கணக்கிட்ட ஒலிகளை அது நீக்கிவிடுகிறது. நீக்கியது நீக்கியதுதான். அந்த எம்பி3-யையே, ஒலியை இழக்காமல் சேமிக்கும் ஃபிளாக் கோப்பாக மாற்றினால் கோப்பு பருக்குமே தவிர, போன ஒலி திரும்பாது. தேய்ந்த கேசட்டிலிருந்து எடுத்த பாடலும் அப்படித்தான். இரைச்சலையும் சேர்த்தே துல்லியமாகக் கேட்பீர்கள்.

பினாங்குத் தண்ணீர்மலையில் தைப்பூசத்தன்று நாதஸ்வரக் கச்சேரியைப் பதிவு செய்தேன். கைப்பேசி வழியே பலமுறை சுருங்கி என்னிடமே திரும்பி வந்த பிரதியில் நாதஸ்வரம் ஓரளவு தப்பியிருந்தது. ஜால்ராவோ 'ஜல்' என்று தெறிக்காமல், தண்ணீர் சலசலப்பதுபோல் குழைந்திருந்தது. மங்கலை அறிய நான் முதலில் கேட்பது ஜால்ராவைத்தான்.

ஒரே பாடல் வெவ்வேறு தொகுப்புகளில் இருந்தால் எல்லாவற்றையும் கேட்டுப் பாருங்கள். மெருகேற்றியதாகச் சொல்லும் பதிப்பு வெறும் சத்தம் கூட்டியதாக இருக்கலாம். ஒலியளவைச் சமப்படுத்திக்கொண்டு ஒப்பிடுங்கள். செயலியில் தரவைச் சிக்கனப்படுத்தும் (data saver) அமைப்பை அணைத்துவிடுங்கள். புளூடூத் மறுபடியும் சுருக்கும் என்பதால், இந்தச் சோதனைக்குக் கம்பி ஹெட்போனே நல்லது.