பைத்தானை சோர்ஸிலிருந்து நிறுவுவது: கேள்வி பதில்

ஈரோட்டிலிருந்து: அண்ணா, உபுண்டுவுல பைத்தான் ஏற்கெனவே இருக்குதுங்களே, எதுக்குங்க சோர்ஸ் (மூல நிரல்) எடுத்து கம்பைல் பண்ணி ஓடுற ப்ரோக்ராமா மாத்தோணும்?

பெரும்பாலானவங்களுக்குத் தேவையில்லைங்க. உபுண்டு 22.04-ல் வருவது பைத்தான் 3.10. உங்க ப்ராஜெக்ட் 3.13 கேட்டாலோ, பிழை தேட உதவுற டீபக் பில்டு வேண்டியிருந்தாலோதான் இந்த வேலை. வரிசை இதுதான்: கான்ஃபிகர் சிஸ்டத்தில் என்ன இருக்குன்னு தேடிப் பார்க்கும், மேக் கம்பைல் பண்ணும், மேக் இன்ஸ்டால் அதை இடத்தில் வைக்கும். அப்போதும் சிஸ்டத்தோட பைத்தானைத் தொடாமல், பக்கத்தில் தனியாக வைக்கணும்.

பெருந்துறையிலிருந்து, கல்லூரி மாணவி: மேக் எரர் இல்லாம முடிஞ்சுதுங்ணா. ஆனா பேக்கேஜ் இறக்கற பிப் ஓட்டுனா, பாதுகாப்பான நெட் இணைப்புக்கான எஸ்எஸ்எல் மாட்யூல் இல்லைன்னு வருது. என்ன தப்புங்க?

இங்கேதான் முக்கால்வாசிப் பேர் மாட்டுறாங்க அம்மணி. பைத்தானின் கரு தனியாக கம்பைல் ஆகிவிடும். எஸ்எஸ்எல், சிடைப்ஸ், எஸ்க்யூலைட் மாதிரி மாட்யூல்களுக்கு மட்டும் வெளி லைப்ரரியோட ஹெடர் ஃபைல்கள் (கம்பைல் பண்ணும்போது படிக்கிற அறிவிப்பு ஃபைல்கள்) வேணும். அது கிடைக்கலைன்னா மேக் நிற்காது. அந்த மாட்யூலை விட்டுட்டு மேலே போகும். அதனால்தான் எரரே வராமல் முடிஞ்சிருக்கு.

லைப்ரரி மட்டும் இருந்தால் போதாது, பேர் கடைசியில் 'டெவ்' என்று முடியும் பேக்கேஜ் வேணும். உபுண்டுவில் பேக்கேஜ் நிறுவும் ஆப்ட் வழியாகப் போட வேண்டியவை: பில்ட்-எசென்ஷியல், லிப்எஸ்எஸ்எல்-டெவ், லிப்எஃப்எஃப்ஐ-டெவ், ஜெட்லிப்1ஜி-டெவ், லிப்பிஜெட்2-டெவ், லிப்எல்ஜெட்எம்ஏ-டெவ், லிப்எஸ்க்யூலைட்3-டெவ், லிப்ரீட்லைன்-டெவ். ஜன்னல், பட்டன் வரையும் டிகிண்டர் மாட்யூல் வேணும்னா டிகே-டெவ். சிடைப்ஸ் இல்லைன்னு எரர் வந்தால் விட்டுப்போனது எஃப்எஃப்ஐ.

இதெல்லாம் போட்டபின் வெறும் மேக் குடுத்தால் பலன் இருக்காது. கான்ஃபிகர் முதல்முறை தேடிப் பார்த்து எழுதிவைத்த முடிவு அப்படியே கிடக்கும். பழைய முடிவையும் சேர்த்து அழிக்கிற மேக் டிஸ்ட்க்ளீன் குடுத்துட்டு, கான்ஃபிகர், மேக் இரண்டையும் மறுபடி ஓட்டுங்க. மேக் முடிகிற இடத்தில் கடைசிப் பத்துப் பதினைந்து வரியைக் கட்டாயம் படிங்க. கம்பைல் ஆகாத மாட்யூல்களின் பேர் அங்கேதான் வரும். அதில் டிகிண்டர் மட்டும் இருந்து, உங்களுக்கு அது வேண்டாம்னா விட்டுடலாம். எஸ்எஸ்எல் இருந்தால் இன்ஸ்டால் பண்ணவே பண்ணாதீங்க.

இன்னொன்று, பைத்தான் 3.10 முதல் எஸ்எஸ்எல் மாட்யூலுக்கு ஓபன்எஸ்எஸ்எல் லைப்ரரி 1.1.1 அல்லது அதற்கு மேல் வேணும். லேபில் உபுண்டு 16.04 இருந்தால் அதில் இருப்பது 1.0.2. அங்கே டெவ் பேக்கேஜ் போட்டாலும் எஸ்எஸ்எல் வராது.

திருப்பூரிலிருந்து: புது பைத்தான் போட்டுட்டு, யுஎஸ்ஆர் பின்னுல இருக்கற பைத்தான்3 லிங்க்கை அதுக்கு மாத்தி உட்டேனுங்க. இப்போ டெர்மினலே திறக்க மாட்டேங்குது, ஆப்ட்டும் எரர் குடுக்குது.

க்னோம் டெர்மினல், ஆப்ட்டின் சில பகுதிகள் எல்லாம் அந்த லிங்க்கை நம்பித்தான் ஓடுது. அவற்றுக்கு வேண்டிய மாட்யூல்கள் 3.10-க்காக கம்பைல் ஆனவை; புதுப் பைத்தானுக்கு அவை கண்ணில் படாது. கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்தினால் எழுத்துத் திரை வரும். அதில் லாகின் பண்ணி இதை ஆங்கில எழுத்தில் அடிச்சு ஓட்டுங்க:

சுடோ எல்என் -எஸ்எஃப் பைத்தான்3.10 /யுஎஸ்ஆர்/பின்/பைத்தான்3

மேலே உள்ளது 22.04-க்கு. 24.04 என்றால் 3.12 என்று போடுங்க. இனிமேல் கான்ஃபிகர் பண்ணும்போதே ப்ரிஃபிக்ஸில் (எங்கே வைக்கணும்னு சொல்ற இடம்) /ஓபிடி (opt) டைரக்டரிக்குள் தனி ஃபோல்டர் குடுத்துடுங்க. இன்ஸ்டாலுக்குப் பதில் ஆல்ட்இன்ஸ்டால் குடுத்தால் பைத்தான்3.13, பிப்3.13 என்று வெர்ஷன் எண்ணோடு மட்டும் பதியும், பைத்தான்3 என்ற பேரை எடுத்துக்கொள்ளாது.

அதே ஊரிலிருந்து இன்னொருவர்: அழிக்கறது எப்படிங்க?

மேக் அன்இன்ஸ்டால் என்று ஒன்று பைத்தானில் கிடையாது. தனி ஃபோல்டரில் போட்டிருந்தால் அந்த ஃபோல்டரை அழித்தால் முடிஞ்சுது.

பொள்ளாச்சியிலிருந்து: 2 ஜிபி ரேம் லேப்டாப்புங்க. பாதியில 'கில்டு'ன்னு வந்து சிசி1 நின்னு போகுது.

ரேம் தீர்ந்துபோய் லினக்ஸ் கர்னலே கம்பைலரை நிறுத்துது. மேக்கோட ஜே4 (ஒரே நேரத்தில் நாலு வேலை) குடுத்திருப்பீங்க, அதை ஜே1 ஆக்குங்க. கான்ஃபிகரில் வேகத்துக்காகப் போடுற எல்டிஓ, எனேபிள் ஆப்டிமைசேஷன்ஸ் இரண்டையும் எடுத்துடுங்க. ஆப்டிமைசேஷன்ஸ் போட்டால் ஒருமுறை கம்பைல் பண்ணி, டெஸ்ட்டுகளை ஓட்டி அளந்து, பிறகு திரும்ப முழுசாக கம்பைல் பண்ணும். படிக்கிறதுக்கு அது அவசியமில்லை. அப்படியும் நின்றால் 2 ஜிபி ஸ்வாப் (ரேமுக்குத் துணையாக டிஸ்க்கில் ஒதுக்கும் இடம்) சேருங்க.

கோபியிலிருந்து: மேக் ஓடிட்டிருக்கறப்ப கரண்ட் போயிருச்சுங்ணா. திரும்பக் குடுத்தா லிங்க் ஆகறப்ப 'ஃபைல் ட்ரங்கேட்டட்'ங்குது.

மேக் ஃபைல் எழுதிய நேரத்தை மட்டும்தான் பார்க்கும். கரண்ட் போனபோது பாதி எழுதிய ஆப்ஜெக்ட் ஃபைல் (ஒரு சி ஃபைலை கம்பைல் பண்ணிக் கிடைப்பது), சி ஃபைலை விடப் புதுசாக இருப்பதால் முடிஞ்ச வேலைன்னு எடுத்துக்குது. மேக் க்ளீன் குடுத்துட்டு முதலிலிருந்து ஓட்டுங்க. கூடவே 'க்ளாக் ஸ்க்யூ' (நேரம் பொருந்தலை) என்று வார்னிங் வந்தால் மதர்போர்டில் உள்ள சிஆர்2032 பட்டன் செல் போயிருக்கலாம். தேதி பின்னால் போய்விட்டதான்னு பாருங்க. தேதியைச் சரிபண்ணிய பிறகு க்ளீன் குடுங்க.

நாமக்கல்லிலிருந்து, லேப் பொறுப்பாளர்: எங்க சிஸ்டங்களுக்கு நெட் கிடையாது. ஒவ்வொண்ணுலயும் கம்பைல் பண்ணோணுங்களா?

வேண்டியதில்லை சார். ஒன்றில் கம்பைல் பண்ணி, /ஓபிடி-யில் உள்ள அந்த ஃபோல்டரை டார் (ஒரே ஃபைலாகக் கட்டுவது) கட்டி மற்றதில் அதே இடத்தில் பிரிங்க. இடம் மாறினால் பிப் ஓடாது. அதன் முதல் வரியில் பைத்தானின் முழுப் பாதை எழுதியிருக்கும். எல்லாச் சிஸ்டத்திலும் ஒரே உபுண்டு வெர்ஷன் இருக்கணும். புதுசில் கம்பைல் பண்ணி பழசுக்குக் கொண்டுபோனால் லினக்ஸின் அடிப்படை சி லைப்ரரியான ஜிலிப்சி-யின் வெர்ஷன் இல்லைன்னு நிற்கும். பென்ட்ரைவில் டாராகவே கொண்டுபோங்க. எக்ஸ்ஃபேட் ட்ரைவில் பிரித்தால் சிம்லிங்க்கும் (வேறு ஃபைலைச் சுட்டும் லிங்க்) எக்ஸிக்யூட் பெர்மிஷனும் நிற்காது. பிரித்ததும் ஒவ்வொன்றிலும் எஸ்எஸ்எல், சிடைப்ஸ், எஸ்க்யூலைட்3 மூன்றையும் இம்போர்ட் பண்ணிப் பாருங்க.