'கிராப்பிள்' என்றால் மல்லுக்கட்டுவதா, கொக்கியா?

'கிராப்பிள்' (grapple) என்ற ஆங்கிலச் சொல்லுக்கு அகராதியில் கொக்கி, மல்யுத்தப் பிடி, சிக்கலோடு போராடுதல் என மூன்று பொருள்கள் இருக்கின்றனவே, எது சரி என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்றும் சரிதான், முதலில் வந்தது கொக்கி.

பழைய பிரெஞ்சில் 'கிராப்' என்றால் கொக்கி. அதன் வேர் ஜெர்மானியச் சொல். அந்தச் சொல்லின் 'சிறு கொக்கி' என்னும் வடிவத்திலிருந்தே 'கிராப்பிள்' ஆங்கிலத்துக்கு வந்தது. கிணற்றில் விழுந்த வாளியை எடுக்கும் நம் பாதாளக்கரண்டியை நினைத்துக்கொள்ளுங்கள்: கயிற்று நுனியில் பல கொக்கிகள். கடற்போரில் இத்தகைய கொக்கியை எதிரிக் கப்பல்மீது வீசி, இழுத்து அணைத்து, உள்ளே பாய்வார்கள். 16ஆம் நூற்றாண்டில் இதுவே வினைச்சொல்லானது. பிறகு ஆளோடு ஆள் கட்டிப் புரள்வதற்கும், சிக்கலோடு மோதுவதற்கும் நீண்டது. மல்யுத்தம், ஜூடோ எல்லாம் 'கிராப்பிளிங்'; பிடி இல்லாததால் குத்துச்சண்டை அதில் சேராது. (திராட்சைக்கான 'கிரேப்' என்ற சொல்லும் இதே கொக்கியின் உறவு என்பார்கள்: குலையைக் கொக்கியால் பறித்ததால்.)

பலர் தவறுவது இங்கேதான். சிக்கலைச் சொல்லும்போது 'வித்' (with) கட்டாயம்: 'கிராப்பிள் வித் த பிராப்ளம்'. 'ஸ்ட்ரகிள் டு ஸ்லீப்' (தூங்கப் போராடுதல்) என்பதுபோல 'கிராப்பிள் டு ஸ்லீப்' எழுதக் கூடாது. கிராப்பிளுக்குப் பிடிக்க ஓர் எதிராளியோ பொருளோ வேண்டும். தமிழில் 'போராடு' என்பதைவிட 'மல்லுக்கட்டு' கச்சிதம். உச்சரிப்பு ஆப்பிளோடு ஒத்துப்போகும், 'கிரேப்பிள்' அல்ல.