கியரைக் கழற்றலாமா, புதுசே வாங்கலாமா?

கேள்வி: பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையிலிருந்து மேற்கே சித்தூருக்கு சைக்கிளில்தான் வேலைக்குப் போகிறேன், ஒரு நடைக்குப் பத்து கிலோமீட்டர் வரும். மாமா டூரிங் போன பழைய ஸ்டீல் ஃப்ரேம் கியர் சைக்கிள். இப்போது கியர் ஒழுங்காக விழுவதில்லை, மழையில் செயின் கழன்றுவிடுகிறது. கியரைக் கழற்றி சிங்கிள் ஸ்பீடாக மாற்று என்கிறான் நண்பன். கோயம்புத்தூர் கடையில் புது சிங்கிள் ஸ்பீடே வாங்கச் சொல்கிறார்கள். எதைச் செய்ய?

பதில்: பணத்தை எடுக்குமுன் அந்தப் பழைய சைக்கிளின் பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ஆக்சில் மாட்டும் வெட்டைப் பாருங்கள். முக்கால்வாசி பதில் அங்கேயே இருக்கிறது. நம் ஊர் சாதா சைக்கிளைப் போல வெட்டு படுக்கைவாட்டில் நீண்டிருந்தால், நட்டைத் தளர்த்தி சக்கரத்தைப் பின்னுக்கு இழுத்தாலே செயின் இறுகிவிடும். செங்குத்தாக இருந்தால் சக்கரம் ஒரே இடத்தில்தான் உட்காரும். செயினில் ஒரு ஜோடி கண்ணி கூடினாலோ குறைந்தாலோ 1 அங்குலம். அதை ஈடுகட்ட ஆக்சில் அரை அங்குலம் நகர வேண்டும். அந்த இடம் இருக்கிறதா என்று ஸ்கேல் வைத்தே பார்த்துவிடலாம்.

இடம் இருந்தால் தயங்காமல் மாற்றுங்கள். டூரிங் ஃப்ரேமில் மட்கார்டு, கேரியர் மாட்டத் துளைகள் இருக்கும், தடித்த டயரும் நுழையும். கடையில் பளபளக்கும் பல சிங்கிள் ஸ்பீடுகளில் இவை கிடையாது. ஜூன் மழையில் முதுகெல்லாம் சேறோடு வேலைக்குப் போய் நிற்க முடியுமா?

வெட்டு செங்குத்தாக இருந்தால், செயினை இழுத்துப் பிடிக்கும் ஸ்பிரிங் வைத்த டென்ஷனர் போட்டு ஓட்டலாம். சேற்றில் அடைத்துக்கொள்ள இன்னொரு உருப்படி சேர்ந்தது, அவ்வளவுதான். அதைவிட கேபிள், செயின், தேய்ந்த பல்சக்கரம் ஆகியவற்றை மாற்றி, செயினைப் பல் மாற்றித் தள்ளும் டீரெய்லர் தொங்கும் கொக்கி வளைந்திருந்தால் நிமிர்த்தி, கியரையே உயிர்ப்பிப்பது நல்லது என்பது என் கருத்து.

காரணம் காற்று. பாலக்காட்டுக் கணவாய் 30 கிலோமீட்டருக்கு மேல் அகலம். தென்மேற்குப் பருவத்தில் மேலைக்காற்று, காலையில் நீங்கள் சித்தூர் போகும்போது நேரே முகத்தில் அறையும். மார்கழியில் கீழைக்காற்று, சாயங்காலம் வீடு திரும்பும்போது எதிரே நின்று பின்னுக்குத் தள்ளும். சிங்கிள் ஸ்பீடுதான் என்றானால், சமதளம்தானே என்று கடைக்காரர் முன்னால் 44, பின்னால் 16 பல் போட்டுத் தந்தால், ஒரு மிதிக்கு 5.8 மீட்டர் போக வேண்டிவரும். எதிர்காற்றில் முழங்கால் தாங்காது. 42-க்கு 18 கேளுங்கள். ஒரு மிதிக்கு 5 மீட்டருக்குச் சற்றுக் குறைவு, நிமிடத்துக்கு 70 சுற்று மிதித்தால் மணிக்கு 20 கிலோமீட்டர். உங்கள் தூரத்துக்கு அது போதும்.

மாற்றும்போது செயின் நேர்கோட்டில் ஓடுகிறதா என்று பின்னாலிருந்து குனிந்து பாருங்கள். பல்சக்கரங்களைத் தனித்தனியாகச் செருகும் காசெட் ஹப் என்றால், இடைவெளி வளையங்களை (ஸ்பேசர்) இடம் மாற்றியே நேராக்கலாம். கியர் பல்சக்கரத்தின் பற்கள் செயின் தாவுவதற்கென்றே செதுக்கப்பட்டவை. அதனால் சிங்கிள் ஸ்பீடுக்கான பல்சக்கரம்தான் வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள். தேய்ந்த பல்லில் புதுச் செயின் போடவே வேண்டாம். எழுந்து நின்று மிதிக்கும்போது நழுவினால் ஆளே விழுவார்.

புதுசுதான் என்று முடிவெடுத்தால் மிதிக்காதபோதும் சக்கரம் உருள விடும் ஃப்ரீவீல் உண்டா, முன்னும் பின்னும் பிரேக் உண்டா, மட்கார்டு துளை உண்டா என்று பாருங்கள். மூன்றில் ஒன்று இல்லையென்றாலும் வாங்காதீர்கள்.

கேள்வி: கேரள எல்லைக்குள், வேலந்தாவளத்தில் இருக்கிறேன். கோவையில் வாங்கிய சைக்கிளில் கோளாறு வந்தால் தமிழ்நாட்டில்தான் வழக்குப் போட வேண்டுமா?

பதில்: வேண்டாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்ட ஆணையத்திலேயே, அதாவது பாலக்காட்டிலேயே புகார் தரலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் இல்லை. முதலில் 1915 உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள். ஃப்ரேம் நம்பர் எழுதிய ஜிஎஸ்டி பில்லைக் கேட்டு வாங்கி வையுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கு வரி 12-லிருந்து 5 சதவீதமாகிவிட்டது, எல்லைக்கு இரண்டு பக்கமும் ஒரே வரிதான். பில் இல்லாமல் வாங்கி மிச்சம் பிடிக்க அதில் ஒன்றும் இல்லை.