கருப்பனுக்குப் பாடம் வாசிக்கும் பையன்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் வசிக்கும் ஓய்வு பெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை வாசகர் கேள்விகளுக்குப் பதில் அளிக்கிறார்.

கேள்வி: என் மகன் முதலாம் ஆண்டில் படிக்கிறான். வகுப்பில் எழுந்து வாசிக்கச் சொன்னால் வாயே திறப்பதில்லை என்று ஆசிரியை மூன்று முறை கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். வீட்டிலோ, பின்வாசல் படியில் எங்கள் நாய் கருப்பன் பக்கத்தில் உட்கார்ந்து முழுப் பாடத்தையும் சத்தமாக வாசிக்கிறான். "நாயோடு பேசுகிற பிள்ளைக்கு மந்திரித்துத் தாயத்துக் கட்ட வேண்டும்" என்கிறார் என் மாமியார். வெளிநாட்டில் பிள்ளைகளை வாசிக்க வைக்கவே நாய்களைப் பழக்குகிறார்களாம். உண்மையா? இவனை இப்படியே விடலாமா?
— ஒரு தாய், சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டம்

பதில்: விடுங்கள், மகளே. தாராளமாக விடுங்கள். உங்கள் கடிதத்தைப் படித்ததும் 1986-ஆம் ஆண்டு என் கண்முன் வந்து நின்றது.

அப்போது ஒரு தோட்டப் பள்ளியில் முதலாம் ஆண்டு எடுத்துக்கொண்டிருந்தேன். என் வகுப்பில் ஒரு பெண்பிள்ளை. அப்பா, அம்மா இருவருக்கும் ரப்பர்த் தோட்டத்தில் பால்வெட்டு வேலை; விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய்விடுவார்கள். தம்பியைப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு இவள் பள்ளிக்கு வருவாள். பின்னாலேயே ஒரு செவலை நாயும் வரும். மணி அடிக்கும்வரை வாசற்படியில் படுத்துக் கிடக்கும். வகுப்பில் அவள் ஒரு சொல் வாசித்து நான் கேட்டதில்லை. பிடிவாதம் என்று நினைத்தேன். ஒரு நாள் அடிக்கோலால் விரலில் அடித்தும்விட்டேன். இன்றைக்கும் அது என் நெஞ்சை அறுக்கிறது.

அடுத்த வாரம், ஓய்வு நேரத்தில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. எட்டிப் பார்த்தேன். மடியில் புத்தகம். ஆள்காட்டி விரல் எழுத்துக்கு அடியில் மெல்ல ஊர்கிறது. "ஆ... மை. ஆமை." நாய் முன்னங்கால்களில் தாடையை வைத்துப் படுத்திருக்கிறது, ஒரு காது மட்டும் அவள் பக்கம் திரும்பியிருக்கிறது. படம் வந்ததும் புத்தகத்தைத் தூக்கி, நாய்க்குத் தெரிகிறமாதிரி திருப்பிக் காட்டினாள். அது மோந்து பார்த்தது. "பயப்படாதே, இது கடிக்காது. ஓட்டுக்குள்ளே போய்விடும்" என்று சொல்லிவிட்டுப் பக்கத்தைப் புரட்டினாள். அடுத்த வரியில் ஒரு சொல் தடுக்கியது. நிறுத்தினாள். திரும்ப முதலெழுத்திலிருந்து கூட்டினாள். தானாகவே சரியாக வாசித்தாள். அந்த இடைவெளியை நான் ஒரு நாளும் அவளுக்குக் கொடுத்ததில்லை. தடுமாறிய உடனே நானே சொல்லிக் கொடுத்துவிடுவேன், அல்லது அதட்டுவேன்.

மறுநாள் அவளுடைய மேசையைக் கதவோரம் போட்டேன். வாசற்படியைப் பார்த்து இரண்டு வரி வாசித்தாள். ஆண்டு முடிவதற்குள் என் முகத்தைப் பார்த்தே வாசித்தாள்.

நீங்கள் கேள்விப்பட்டது உண்மைதான். போரிஸ் லெவின்சன் என்ற அமெரிக்கக் குழந்தை உளவியலாளர், யாரோடும் ஒட்டாத பிள்ளைகள் தம் நாய் ஜிங்கிள்ஸ் அறையில் இருந்தால் பேசத் தொடங்குகிறார்கள் என்பதைக் கவனித்து 1962-இல் எழுதினார். 1999-இல் அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டியில், பழக்கப்பட்ட நாய்களுக்குப் பிள்ளைகள் புத்தகம் வாசித்துக் காட்டும் திட்டம் தொடங்கியது. இப்படிப்பட்ட நாய்களைத் தெரபி நாய்கள் என்கிறார்கள். நாயோடு அதை வளர்ப்பவரும் பாயில் உட்கார்ந்திருப்பார். பிள்ளை ஒரு சொல்லில் தடுக்கினால் "தப்பு" என்று சொல்ல மாட்டார். நாயைக் காட்டி, "இந்தச் சொல் இவனுக்குப் புரியவில்லை போலிருக்கிறது, நீ கொஞ்சம் சொல்லிக் கொடுக்கிறாயா?" என்பார். அந்த நிமிடத்தில் பிள்ளைதான் ஆசிரியர். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் என் மாணவி செய்ததும் அதுவேதான். அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

ஏன் இப்படி நடக்கிறது? ஆறு, ஏழு வயதுப் பிள்ளைக்குச் சத்தமாக வாசிப்பது பெரிய வேலை. எழுத்தைக் கூட்ட வேண்டும், கூட்டியதை மறக்காமல் வைத்திருக்க வேண்டும், பொருளையும் பிடிக்க வேண்டும். இதற்கு நடுவே, பின்வரிசையில் சிரிப்பார்களோ, டீச்சர் திட்டுவாரோ என்ற பயம் புகுந்தால் தெரிந்த எழுத்தும் மறந்து போகும். எரிக்கா பிரீட்மன் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 1983-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் சத்தமாக வாசிக்கும்போதும் பிள்ளைகளின் இரத்த அழுத்தத்தை அளந்தார்கள். சாதுவான நாய் ஒன்று அறையில் இருந்தபோது அழுத்தம் குறைவாக இருந்தது. இங்கிலாந்தின் லிங்கன் பல்கலைக்கழகத்தார் 2022-இல் வெளியிட்ட ஆய்வில், வாரம் இரண்டு முறை, 20 நிமிடம், நான்கு வாரங்களுக்குப் பிள்ளைகள் நாய்களோடு இருந்தார்கள். அப்படி எதுவும் கிடைக்காத பிள்ளைகளுக்குக் கார்டிசால் என்ற மன அழுத்தச் சுரப்பு ஏறியது. நாயோடு இருந்தவர்களுக்கு ஏறவில்லை.

ஆனால் நாயே வாசிப்பைக் கற்றுக் கொடுத்துவிடும் என்று எண்ணிவிடாதீர்கள். அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் 28 பிள்ளைகளை வைத்து ஆறு வாரம் பார்த்தார்கள். நாய்க்கு வாசித்தவர்களுக்குப் பள்ளி வாசிப்பின் மேல் விருப்பம் கூடியது; வாசிப்புத் திறனில் சொல்லும்படியான வேறுபாடு இல்லை. தென்னாப்பிரிக்காவில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளிடம் செய்த ஆய்வில் பொருள் உணரும் திறன் கூடியிருந்தது. 2016-இல் 48 ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தவர்கள், பலன் இருக்கும் போலத்தான் தெரிகிறது, ஆனால் பெரும்பாலானவை வலுவான ஆய்வுகள் அல்ல என்று எழுதினார்கள். நான் புரிந்துகொண்டது இவ்வளவுதான்: பயம் போனால் பிள்ளை புத்தகத்தைத் தானே எடுப்பான். எடுத்தால் நாளுக்கு நாள் கூடுதலாக வாசிப்பான். திறமை அந்தப் பழக்கத்தில் வருகிறது.

ஆகவே கருப்பனோடு அவன் உட்காரும்போது நீங்கள் பார்வை எட்டும் தூரத்தில் இருங்கள், திருத்தப் போகாதீர்கள். வெங்காயம் உரித்துக்கொண்டிருங்கள், துணி மடித்துக்கொண்டிருங்கள். சில வாரம் போனபின் "கருப்பனுக்கு இன்றைக்கு என்ன கதை?" என்று மட்டும் கேளுங்கள். அவனாகச் சொல்லட்டும். வீட்டில் வாசிப்பதை அவன் அறியாமல் கைத்தொலைபேசியில் பதிவு செய்து ஆசிரியையிடம் ஒரு முறை போட்டுக் காட்டுங்கள். பையனுக்கு வாசிக்கத் தெரியும் என்று அவர் காதால் கேட்டுவிட்டால் பாதி வழி கடந்துவிட்டீர்கள். வகுப்புப் பிள்ளைகள் முன்னால் மட்டும் அதைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒன்றை மட்டும் கவனித்துப் பாருங்கள். பள்ளியில் வாசிக்காமல் இருக்கிறானா, அல்லது பேசுவதே இல்லையா? வீட்டில் நன்றாகப் பேசும் பிள்ளை பள்ளியில் கூட்டாளிகளிடமும் ஒரு சொல் பேசாமல் ஒரு மாதத்துக்கு மேல் இருந்தால், அரசு சுகாதார கிளினிக்கில் காட்டுங்கள். அது பிள்ளையின் திமிர் அல்ல. பதற்றத்தால் வரும் நிலை, உதவி கிடைத்தால் மாறும். பயந்து தள்ளிப் போட வேண்டாம். கண்ணையும் காதையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.

கேள்வி: நான் பாலர் பள்ளி ஆசிரியை. என் வீட்டு நாய் மிகவும் சாது. வாரத்தில் ஒரு நாள் வகுப்புக்குக் கொண்டு போகலாம் என்று ஆசை. செய்யலாமா?
— வாசகி, தாப்பா

பதில்: உங்கள் ஆசை நல்ல ஆசை. இருந்தாலும் வேண்டாம், தங்கச்சி. வீட்டில் சாதுவாக இருக்கும் நாய், இருபது பிள்ளைகள் ஒரே நேரத்தில் கத்திக்கொண்டு ஓடி வரும்போது எப்படி இருக்கும் என்பது உங்களுக்கும் தெரியாது, அதற்கும் தெரியாது. தெரபி நாய் என்றால் பலவிதமாகச் சோதித்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்தது. சத்தம், நெரிசல், வாலைப் பிடித்து இழுப்பது எல்லாவற்றையும் தாங்கிப் பழகியது. அதற்கும்கூட நேர வரம்பு உண்டு. நாய் அடிக்கடி கொட்டாவி விட்டால், உதட்டை நக்கினால், முகத்தைத் திருப்பிக்கொண்டால், கண்ணின் வெள்ளை தெரியப் பார்த்தால், "எனக்குப் போதும்" என்று கேட்கிறது என்று பொருள். இவற்றைக் கவனிக்காத பெரியவர்கள்தான் பிறகு "சும்மா இருந்த நாய் கடித்துவிட்டது" என்கிறார்கள்.

இன்னொன்று, நம் பள்ளிகளில் முஸ்லிம் ஆசிரியைகளும் காவலாளிகளும் வேலை செய்கிறார்கள். ஈரமான நாய் மூக்கு பட்டால், ஒரு முறை மண் கலந்த நீராலும் சேர்த்து ஏழு முறை கழுவுவது அவர்களின் சமயக் கடமை. நம்மோடு ஒரே மேசையில் உட்கார்ந்து வேலை செய்பவர்களுக்கு அந்தச் சங்கடத்தைக் கொடுக்கக்கூடாது. விருப்பமுள்ள பெற்றோர் மூன்று, நான்கு பிள்ளைகளைச் சனிக்கிழமை காலையில் உங்கள் வீட்டு முற்றத்துக்குக் கூட்டி வரட்டும். ஒரு நேரத்தில் ஒரு பிள்ளை, பத்து நிமிடம். நீங்கள் பக்கத்தை விட்டு நகரக்கூடாது. மாவட்ட மன்றத்தில் நாய்க்கு லைசென்ஸ் எடுத்திருக்க வேண்டும், தடுப்பூசியும் குடற்பூச்சி மருந்தும் தவறாமல் கொடுத்திருக்க வேண்டும். 2015-இல் பெர்லிஸ், கெடா, பினாங்கில் வெறிநாய்க்கடி நோய் வந்ததை நாம் மறந்துவிடக்கூடாது. வாசித்து முடித்த பிள்ளை சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகுதான் பிஸ்கட்டைத் தொட வேண்டும். கீறலோ கடியோ பட்டால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே கிளினிக்குக்குக் கொண்டு போங்கள்.

கேள்வி: என் மகளுக்கு நாய் என்றாலே நடுக்கம். அவள் என்ன செய்வாள்?
— வாசகர், குவாலா கங்சார்

பதில்: நடுங்கும் பிள்ளையை நாய் பக்கத்தில் உட்கார வைப்பது கொடுமை. பூனைக்கு வாசிக்கட்டும், கோழிக் கூண்டுக்கு முன்னால் வாசிக்கட்டும். வீட்டில் எழுதப் படிக்கத் தெரியாத பாட்டி இருந்தால் அதைவிட நல்லது எதுவும் இல்லை. என் அம்மா முப்பது வருடம் பால்மரம் வெட்டினார். சம்பளத்தன்று தோட்டத்துக் கணக்கரான கிராணி முன்னால் கைநாட்டு வைத்தவர். என் மகள் தினமும் மாலையில் அவருக்குக் கதை வாசித்துக் காட்டுவாள். தப்பாக வாசித்தாலும் அவருக்குத் தெரியாது. வெற்றிலை மடித்துக்கொண்டே "அப்புறம்?" என்று மட்டும் கேட்பார். மறுநாள் எந்த இடத்தில் விட்டோம் என்பதை என் மகள் மறந்திருப்பாள், அம்மாதான் சொல்வார்.