ஒரு பக்கம் மட்டும் சளி: சைனஸா, பல்லா?

கேள்வி: என் வயது 46. மூன்று வாரமாக வலது மூக்கில் மட்டும் மஞ்சள் சளி வருகிறது. கெட்ட வாடையும் அடிக்கிறது. குனிந்தால் வலது கன்னம் கனக்கிறது, மேல் கடைவாயில் மென்றால் வலிக்கிறது. கடையில் ஆன்டிபயாடிக் வாங்கிச் சாப்பிட்டேன். குறைந்து, மறுபடியும் வந்துவிட்டது. காரணம் என்ன?
– வாசகி, கரூர்

பதில்: நீங்கள் எழுதியிருப்பவை சைனஸ் அழற்சியின் அறிகுறிகளே. ஆனால் தொல்லை ஒரு பக்கத்தோடு நிற்பதையும் வாடையையும் சேர்த்துப் பார்த்தால், முதலில் உங்கள் மேல்வரிசைப் பற்களைத்தான் சந்தேகிக்க வேண்டியிருக்கிறது. கன்ன எலும்புக்குள் உள்ள சைனஸ் என்ற காற்றறையின் அடித்தளம் மேல் கடைவாய்ப் பற்களின் வேர்நுனியை ஒட்டியே இருக்கிறது. சிலருக்கு நடுவில் மெல்லிய சவ்வு மட்டுமே உண்டு. எனவே சொத்தை வேர்வரை இறங்கிச் சீழ் பிடித்தாலும், பல் பிடுங்கிய இடம் சரியாக மூடாமல் போனாலும், கிருமி நேராக மேலேறிவிடுகிறது. பல்லைச் சரிசெய்யாமல் மாத்திரை மட்டும் சாப்பிட்டால், உங்களுக்கு நடந்ததுபோல அடங்கி அடங்கித் திரும்பும்.

சைனஸ் அழற்சியே பல்வலியையும் உண்டாக்கும் என்பதுதான் இதில் குழப்பம். வரிசையாகப் பல பற்கள் மந்தமாக வலித்தால் பெரும்பாலும் சைனஸ். தட்டும்போது ஒரே ஒரு பல் மட்டும் சுருக்கென்று வலித்தால் பல்லின்மீது சந்தேகம் கூடும். எக்ஸ்ரே பார்த்தே முடிவுசெய்ய முடியும்.

ஜலதோஷத்தைத் தொடர்ந்து வரும் சைனஸ் தொல்லை பெரும்பாலும் வைரஸால் வருவது. 7 முதல் 10 நாளில் தானே தணியும். சளி மஞ்சளாக இருப்பதை மட்டும் வைத்து ஆன்டிபயாடிக் வாங்குவது நம் ஊரில் ஊறிப்போன தவறு. 10 நாள் கடந்தும் குறையாமல் இருந்தாலோ, குறைந்தபின் காய்ச்சலோடு மீண்டும் கூடினாலோதான் பாக்டீரியாவை நினைக்க வேண்டும். 12 வாரத்துக்கு மேல் நீடிப்பவர்களிடம் ஒவ்வாமை, மூக்கில் வளரும் பாலிப் என்ற சதை, மூக்குத் துளைகளுக்கு நடுவே வளைந்திருக்கும் நடுத்தண்டு ஆகியவற்றைத் தேட வேண்டும்.

பல் மருத்துவரையும், காது மூக்கு தொண்டை மருத்துவரையும் இந்த வாரமே பாருங்கள்; சாப்பிட்ட மாத்திரை அட்டையைக் கையோடு கொண்டுபோங்கள். ஒரு பக்கத் தொல்லைக்குப் பூஞ்சைக் கட்டியும், அரிதாக வேறு கட்டிகளும் காரணமாகலாம் என்பதால், தேவைப்பட்டால் சி.டி. ஸ்கேன் எடுக்கச் சொல்வார்கள். சர்க்கரை நோய் இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். 2021இல் மூக்கையும் சைனஸையும் அரிக்கும் கரும்பூஞ்சை நோய் பலரைத் தாக்கியபோது, கட்டுப்படாத சர்க்கரை உள்ளவர்களே அதிகம் பாதிக்கப்பட்டார்கள். கண்ணைச் சுற்றி வீக்கம், இரட்டைப் பார்வை, கழுத்து விறைப்போடு கடும் தலைவலி ஆகியவற்றில் எது வந்தாலும் காத்திராமல் உடனே அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.