அரிவாள்மூக்கன்: கேள்வி – பதில்

வேடந்தாங்கலில் வெள்ளை உடம்பும் கறுத்த மொட்டைத் தலையுமாக ஒரு பறவை. கூட வந்த ஒருவர் நாரை என்றார், இன்னொருவர் அரிவாள்மூக்கன் என்றார். எது சரி?
– வாசகர், மதுராந்தகம்

அரிவாள்மூக்கன்தான். அலகைப் பாருங்கள். அடியிலேயே வளையத் தொடங்கி நுனிவரை ஒரே சீராகக் கீழ்நோக்கி வளைந்திருந்தால் அரிவாள்மூக்கன். பக்கத்து மரத்தில் இருக்கும் சங்குவளை நாரையின் மஞ்சள் அலகு நேராகப் போய் நுனியில்தான் கொஞ்சம் சாயும். கொக்கோடும் குழப்பம் வராது: பறக்கும்போது கொக்கு கழுத்தை மடக்கிக்கொள்ளும், இது நீட்டியபடியே பறக்கும்.

நம்மூரில் மூன்று வகை உண்டு. நீங்கள் பார்த்தது வெள்ளை அரிவாள்மூக்கன். முக்கால் மீட்டர் நீளம். தலையிலும் கழுத்திலும் இறகே இருக்காது. இதன் இளம் பறவைக்குக் கழுத்தில் இறகு இருக்கும். பலர் தடுமாறுவது அங்கேதான், மொட்டைக் கழுத்து இல்லையே என்று வேறு பறவையாக எழுதிவிடுவார்கள். இரண்டாவது, பழுப்பு அரிவாள்மூக்கன். தூரத்தில் கறுப்பாகத் தெரியும். வெயில் பட்டால் உடம்பில் செம்பழுப்பும் இறக்கையில் பச்சை மினுக்கமும் தெரியும். மூன்றாவது, கறுப்பு அரிவாள்மூக்கன். உச்சந்தலையில் சிவப்பு மருக்கள், தோளில் வெள்ளைத் திட்டு, செங்கல் நிறக் கால். தண்ணீரைவிட உழுத கொல்லையிலும் தரிசிலும்தான் இதை அதிகம் காணலாம்.

சங்கப் பாடல்களில் வரும் அன்றில் இந்தப் பறவைதானா?
– வாசகர், திருவையாறு

பெரும்பாலும் ஆம். ஆனால் எந்த அரிவாள்மூக்கன் என்பதில்தான் சிக்கல். குறுந்தொகை 160ஆம் பாட்டு அன்றிலுக்கு நெருப்புப் போன்ற செந்தலை என்கிறது; பெடையின் வாய் இறாலைப் போல வளைந்தது என்கிறது. ஒரு இறாலைக் கையில் எடுத்துப் பாருங்கள், அந்த அலகின் வளைவு அப்படியே இருக்கும். செந்தலை என்றால் கறுப்பு அரிவாள்மூக்கன் ஒன்றுக்குத்தான் பொருந்தும்.

அதே நூலின் 301ஆம் பாட்டில் அன்றில் பனைமடலில் சிறு குச்சிகளால் கூடு கட்டுகிறது. பனை உச்சியில் கூடு என்பது கறுப்பு அரிவாள்மூக்கனுக்குச் சரிதான். ஆனால் அங்கே அது ‘கருங்கால் அன்றில்’. இதன் காலோ சிவப்பு. கருங்கால் பழுப்பு அரிவாள்மூக்கனுக்கே ஒத்துவரும். வளைந்த அலகுள்ள ஒன்றுக்கு மேற்பட்ட பறவைகளை அன்றில் என்ற ஒரே பெயரால் அழைத்திருக்கலாம் என்றே எங்களுக்குப் படுகிறது. ஒரே பறவை என்று நிறுவப்போனால் ஏதாவது ஒரு பாட்டை ஒதுக்க வேண்டிவரும்.

செந்தலையை ஆணுக்கும் வளைந்த வாயைப் பெடைக்கும் பாட்டு பிரித்துக் கொடுப்பது கவிநயம். உண்மையில் இரண்டுக்கும் இரண்டும் உண்டு. துணை பிரிந்தால் உயிர்விடும் என்பதும் கவிதையின் சொத்து.

எகிப்தியர் லட்சக்கணக்கில் இந்தப் பறவையைப் பதப்படுத்திப் புதைத்தது ஏன்? அவ்வளவு பறவைகளுக்கு எங்கே போனார்கள்?
– வாசகர், கோயம்புத்தூர்

எழுத்துக்கும் கணக்குக்கும் நிலவுக்கும் அவர்களுடைய தெய்வம் தோத். அரிவாள்மூக்கன் தலையோடு, கையில் நாணல் பேனாவோடு, இறந்தவரின் இதயம் தராசில் ஏறும்போது முடிவை எழுதிக்கொண்டு நிற்பவர். வேண்டுதல் உள்ளவர் கோயிலுக்கு ஒரு பறவையைக் காணிக்கையாக்குவார். கி.மு. முதல் ஆயிரமாண்டின் பிற்பகுதியில் இது பெருவழக்கமானது. சக்காராவின் நிலவறைகளில் மட்டும் 17 லட்சத்துக்கு மேல் இருக்கும் என்று கணித்திருக்கிறார்கள். தூனா எல்-கெபல் இன்னொரு பெரிய இடம்.

செய்முறை இதுதான். நீண்ட கழுத்தைப் பின்னுக்கு மடக்கி உடலோடு படிய வைப்பார்கள், காலையும் மடக்குவார்கள். பிசினில் தோய்த்து, லினன் துணியால் இறுகச் சுற்றுவார்கள். உயர்ந்த வேலை என்றால் மேலே இரண்டு நிறப் பட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னி டைமண்ட் கட்டங்கள் வரச் செய்வார்கள். பிறகு கூம்பு வடிவ மண்ஜாடியில் இட்டு, மூடியைச் சுண்ணச் சாந்தால் அடைத்து, நிலவறையில் வரிசையாக அடுக்குவார்கள்.

தவறும் நடந்தது. எக்ஸ்ரேயும் சிடி ஸ்கேனும் வைத்துப் பார்த்தபோது சில பொட்டலங்களில் முழுப் பறவையே இல்லை. இறகும் எலும்புத் துண்டும்தான். கி.மு. 2ஆம் நூற்றாண்டில் சக்காராவில் இருந்த ஹோர் என்ற கோயில் பணியாளர் பானை ஓடுகளில் எழுதி வைத்த குறிப்புகள் கிடைத்திருக்கின்றன. 60,000 பறவைகளுக்கான தீனி பற்றி அதில் பேசுகிறார். ஒரு ஜாடிக்கு ஒரு தெய்வம்தான், அதாவது ஒரு பறவைதான், என்ற விதியையும் வலியுறுத்துகிறார். விதி மீறப்பட்டதால்தானே அதை எழுத வேண்டிவந்தது!

பறவைகள் எங்கிருந்து வந்தன? கோழிப் பண்ணை போல அடைத்து வளர்த்திருந்தால் தலைமுறைக்குத் தலைமுறை மரபணு வேறுபாடு குறைந்திருக்கும். 2019இல் வெளியான டி.என்.ஏ. ஆய்வில் அப்படிக் குறையவில்லை. காட்டுப் பறவைகளுக்கு நிகரான வேறுபாடு இருந்தது. கோயிலையொட்டிய சதுப்புகளில் தீனி போட்டுக் காட்டுப் பறவைகளை வரவழைத்திருக்க வேண்டும் என்பது அதிலிருந்து எடுத்த முடிவு.

சிலைகளையும் சொல்ல வேண்டும். உடல் மரத்தில், மேலே சாந்தும் பொன்தகடும். தலை, கழுத்து, கால் மட்டும் வெண்கலத்திலோ வெள்ளியிலோ வார்த்தவை. அலகையும் காலையும் அத்தனை மெல்லிசாக மரத்தில் செதுக்கினால் ஒடிந்துவிடும். அந்தப் பறவையை எவ்வளவு கூர்ந்து பார்த்திருந்தால் இப்படிப் பிரித்துச் செய்திருப்பார்கள்!

இன்று எகிப்தில் அது கூடு கட்டுவதில்லை. 19ஆம் நூற்றாண்டிலேயே மறைந்துவிட்டது. சகாராவுக்குத் தெற்கே ஏராளமாக இருக்கிறது. நம் வெள்ளை அரிவாள்மூக்கனின் நெருங்கிய உறவு அது. விரித்த இறக்கையின் பின்விளிம்பில் கறுப்புக் கரை இருந்தால் ஆப்பிரிக்கப் பறவை. நம்முடையதற்கு அந்தக் கரை கிடையாது.

எங்கள் ஏரியைத் தூர்வாரி ஆழப்படுத்தினார்கள். தண்ணீர் நிறைய நிற்கிறது, ஆனால் அரிவாள்மூக்கன் வருவதில்லை. ஏன்?
– வாசகர், கும்மிடிப்பூண்டி

அது கண்ணால் பார்த்து மீன் பிடிக்கும் பறவை அல்ல. அலகு சுமார் 15 செ.மீ. நீளம். நுனி எலும்பில் நுண்ணிய குழிகள் நிறைய உண்டு. அவற்றில் தொடு உணர்வு நரம்புகள் முடிகின்றன. அலகை லேசாகத் திறந்தபடி சேற்றுக்குள் விட்டு விட்டு எடுத்துக்கொண்டே நடக்கும். நத்தை, புழு, தவளை, நண்டு எது நுனியில் பட்டாலும் சட்டென்று கவ்விவிடும். கலங்கல் தண்ணீர் அதற்கு ஒரு தடையே இல்லை. தேவை இரண்டுதான்: ஒரு சாணுக்குள் தண்ணீர், அலகு இறங்கும் மெத்தென்ற சேறு.

தூர்வாரும்போது கரையைச் செங்குத்தாக வெட்டிவிட்டால் இரண்டும் ஒரே நாளில் போய்விடும். அலகு எட்டாத ஆழத்தில் எவ்வளவு இரை இருந்தாலும் பயனில்லை. ஏரியை ஆழப்படுத்த வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. கிராமத்துக்குத் தண்ணீர் வேண்டும். ஆழத்தை நடுவில் எடுங்கள். நீர் உள்ளே வரும் பக்கத்தில் பழைய தட்டையான சரிவை அப்படியே விடுங்கள். அந்தச் சரிவு இருந்தால், தண்ணீர் வற்ற வற்ற ஓரம் உள்நோக்கி நகரும். ஒவ்வொரு வாரமும் புதிதாக ஒரு பட்டை ஈரச்சேறு வெளியே வரும். பறவை அந்த ஓரத்தோடேயே நகரும். நீரில் நிற்கும் கருவேல மரங்களில் கூடு இருந்தால், குஞ்சுகள் பறக்கும்வரை அந்தப் பக்கம் பொக்லைன் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். முட்டை பொரிய மூன்றரை வாரம், குஞ்சு பறக்க அதன்பின் ஏறக்குறைய ஆறு வாரம் ஆகும்.